“நானே ஃபாரினர் தானே, நான் சொன்னா எப்படிங்க தப்பாகும்?”

அமெரிக்கால ஒன்பது வருஷமா ஹெச்-1பி விசால வேலை பாக்கற ஒரு வாசகி நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, கம்பெனி எதுவும் வெளிய வரக்கூடாதுனு கேட்டுக்கிட்டதால அதெல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்லிடறேன்.

இவங்க ஒரு டெஸ்டிங் டீமுக்கு லீடு. பிரேசில்லேருந்தும் கொரியாலேருந்தும் கஸ்டமர் சைடு ஆளுங்க வர்றப்போ டீமுக்கு “நாளைக்கு ஃபாரினர்ஸ் வர்றாங்க, கான்ஃபரன்ஸ் ரூம ரெடியா வைங்க”னு இங்கிலீஷ்ல ஒரு மெயில் தட்டியிருக்காங்க, அத யாரோ வந்தவங்களுக்கே ஃபார்வர்டு பண்ணிட்டாங்க. ஹெச்.ஆர்லேருந்து ஒரு பொண்ணு தனியா கூப்பிட்டு, இந்த வார்த்தை ஆளுங்கள ஒதுக்கி வைக்கற மாதிரி இருக்கு, இனிமே ‘இன்டர்நேஷனல்’னு எழுதுங்கனு சொல்லியிருக்காங்க. இவங்களுக்கு ரொம்ப அவமானமாயிடுச்சு. இத்தனைக்கும் அதே ஆஃபீஸ்ல ஒரு சீனியர் லஞ்ச் டைம்ல “நீங்க ஃபாரினர்ஸ் எல்லாம்”னு ஆரம்பிச்சு அடிக்கடி ஏதாவது சொல்வாராம், அவர யாரும் ஒண்ணும் கேட்டதில்லயாம். வீட்லயும் ரெண்டு விஷயம். பதிமூணு வயசு பையன், ஸ்கூலுக்கு புதுசா இந்தியாலேருந்து வந்த ஒரு பையன ‘ஃபாப்’னு கேலியா கூப்பிட்டிருக்கான். கணவருக்கு ஹெச்-4ல (ஹெச்-1பில இருக்கறவங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) வேலை பர்மிட் வந்து புது வேலைல சேரும்போது ஃபார்ம்ல ‘ஏலியன்’னு இருந்தத பாத்து கடுப்பாகி வேற கட்டத்துல டிக் பண்ணிட்டாராம். “நாங்க என்ன இல்லீகல்ஸ் மாதிரியா வந்தோம், வரிசைல நின்னு வரி கட்டிட்டு இருக்கோம், எங்கள ஏலியன்ங்கறாங்க, நான் ஃபாரினர்னு சொன்னா மட்டும் தப்பா, இது என் க்ரீன் கார்ட பாதிக்குமா, அந்த சீனியர் மேல கம்ப்ளைன்ட் குடுக்கலாமா” அப்படினு கேக்கறாங்க.

அன்புள்ள வாசகிக்கு,

உங்க லெட்டர்ல கோவமும் இருக்கு, பயமும் இருக்கு, ரெண்டும் நியாயமானது தான். ஆனா நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லப் போறதில்ல. ஏன்னா நீங்க போற போக்குல ரெண்டு வரில எழுதிட்டு விட்ட விஷயம் தான் எனக்கு பகீர்னுச்சு.

மொதல்ல அந்த ஃபார்ம்

வேலைல சேரும்போது குடுக்கற ஐ-9 ஃபார்ம்ல நாலு கட்டம் இருக்கும். அமெரிக்க சிட்டிசன், ‘நான்சிட்டிசன் நேஷனல்’, க்ரீன் கார்டு வெச்சிருக்கறவங்க, வேலை பாக்க அனுமதி உள்ள ஏலியன். உங்க கணவருக்கு நாலாவது தான். அவர் ரெண்டாவதுல டிக் பண்ணதுக்கு காரணம், முன்னாடி வேலைல சேந்த ஃப்ரெண்டு “நான்சிட்டிசன்னு இருக்கும்டா, அதுல போடு”னு சொன்னதுனு எழுதியிருக்கீங்க. ஃப்ரெண்டு பொய் சொல்லல. 2023 ஆகஸ்ட்ல வந்த ஃபார்ம்ல நாலாவது கட்டத்துல ‘நான்சிட்டிசன்’னு தான் போட்டிருந்தாங்க, 2025ல வந்த பதிப்புல அத மறுபடி ‘ஏலியன்’னு மாத்திட்டாங்க. ரெண்டாவது கட்டம் வேற ஆளுங்களுக்கு. அமெரிக்கன் சமோவா மாதிரி இடத்துல பொறந்து, அமெரிக்க நேஷனலா இருந்தும் சிட்டிசனா இல்லாதவங்களுக்கான கட்டம் அது. கேக்க மரியாதையா இருக்குனு நம்ம ஆளுங்க அதுல டிக் பண்ணா, சட்டப்படி இல்லாத ஒரு அந்தஸ்த இருக்குனு சொன்ன மாதிரி ஆயிடும்.

நல்லவேளை அவர் மொத கட்டத்துல டிக் பண்ணல. வேலைக்காகக் கூட தன்ன அமெரிக்க சிட்டிசன்னு தப்பா சொல்லிக்கிட்டா, அது பின்னாடி க்ரீன் கார்டுக்கே ஆயுசுக்கும் முட்டுக்கட்டையா நிக்கும், அதுக்கு மன்னிப்பு வாங்க வழி கிட்டத்தட்ட கிடையாது. ரெண்டாவது கட்டம் அவ்வளவு மோசமில்லனாலும் அத அப்படியே விட்டுடாதீங்க. உங்க க்ரீன் கார்டு ஃபைல பாக்கற இமிக்ரேஷன் லாயர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, கணவர் அவங்க ஹெச்.ஆர்ல போய் அந்த ஃபார்ம கேட்டு வாங்கி, தப்பான டிக்க ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, சரியான கட்டத்துல டிக் பண்ணி, பக்கத்துலயே இனிஷியலும் அன்னிக்கு தேதியும் போடணும். வெள்ளை மை வெச்சு அழிக்கறது, பழைய தேதி போடறது, ரெண்டும் கூடவே கூடாது. திருத்தம் தெரியற மாதிரி இருக்கறது தான் உங்களுக்கு பாதுகாப்பு.

இதுல இன்னொரு தப்பான நெனப்பையும் சரி பண்ணிடறேன்ம்மா. ‘ஏலியன்’ங்கறதுக்கு பதிலா எல்லா ஃபார்ம்லயும் ‘இமிக்ரன்ட்’னு எழுதிக்கலாமானு கேட்டிருக்கீங்க. முடியாது. இமிக்ரேஷன் சட்டத்துல இமிக்ரன்ட்னா நிரந்தரமா குடியேற வர்றவங்க. ஹெச்-1பி, ஹெச்-4 ரெண்டுமே அந்த சட்டத்துல ‘நான்இமிக்ரன்ட்’. அதே நீங்க வரி கட்டும்போது பாத்தா ‘ரெசிடென்ட் ஏலியன்’. அது க்ரீன் கார்டு வந்ததா அர்த்தம் இல்ல. இந்த வருஷம் இருந்த நாள், போன வருஷத்து நாள்ல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷத்துல ஆறுல ஒரு பங்கு, இதெல்லாம் கூட்டி குறைஞ்சது 183 நாள் வந்து, இந்த வருஷமும் குறைஞ்சது 31 நாள் அங்க இருந்திருந்தா வரித்துறைக்கு நீங்க ரெசிடென்ட், அவ்வளவு தான். ஒரே ஆளு ஒரு ஆஃபீஸுக்கு நான்இமிக்ரன்ட், இன்னொரு ஆஃபீஸுக்கு ரெசிடென்ட். உங்கள மதிக்கறாங்களா இல்லயாங்கறத அந்த கட்டத்துல தேடாதீங்க, அங்க என்ன வார்த்தை அச்சாகியிருக்கோ அதுலயே டிக் பண்ணிட்டு வாங்க.

ஏலியன்னு படிச்சா வலிக்குதே

வலிக்கும். அது உங்க கற்பனை இல்ல. இந்த வார்த்தை வேற்று கிரகத்து ஆளுனு ஆனதெல்லாம் போன நூற்றாண்டுல தான், சட்டத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, லத்தீன்லேருந்து வந்தது, ‘இன்னொருத்தருக்கு சொந்தமான’ங்கற மாதிரி அர்த்தம். அதனால அத எழுதினவங்க யாரும் உங்கள விண்கலத்துலேருந்து இறங்கினவங்களா நெனச்சு எழுதல. ஆனா வெறும் டெக்னிக்கல் வார்த்தைங்க, கண்டுக்காதீங்கனு சொல்லி உங்கள அனுப்பவும் எனக்கு மனசு வரல, ஏன்னா நம்ம ஆளுங்க மேலயே இந்த வார்த்தை எப்படி பாய்ஞ்சிருக்குங்கறது கோர்ட் ரெக்கார்டுல இருக்கு.

1790ல வந்த மொத குடியுரிமைச் சட்டமே, ஏலியன்ஸ்ல சுதந்திரமான வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் தான் சிட்டிசன்ஷிப்னு சொன்னுச்சு. 1913ல கலிஃபோர்னியா, ‘சிட்டிசன் ஆகத் தகுதியில்லாத ஏலியன்ஸ்’ விவசாய நிலம் வாங்கக் கூடாதுனு சட்டம் போட்டாங்க, மொதல்ல குறி வெச்சது ஜப்பான்காரங்கள, அப்பறம் பஞ்சாப்லேருந்து போன விவசாயிங்களும் மாட்டிக்கிட்டாங்க. பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், மொத உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், சிட்டிசன்ஷிப் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1923ல கோர்ட் இந்தியர்கள் அந்த சட்டம் சொல்ற வெள்ளைக்காரங்க கணக்குல வர மாட்டாங்கனு சொல்லிடுச்சு. அதுக்கப்பறம் ஏற்கனவே சிட்டிசன் ஆயிருந்த இந்தியர்கள் பல பேரோட குடியுரிமையையே பறிச்சாங்க. 1946ல தான் அந்தக் கதவு நமக்கு திறந்துச்சு. 1952ல வந்த சட்டம் இனத் தடைய எடுத்துடுச்சு, ஆனா ‘ஏலியன்’ங்கற வார்த்தைய வெச்சுக்கிட்டுச்சு. சிட்டிசனும் இல்லாத, நேஷனலும் இல்லாத எந்த ஆளும் ஏலியன், இது தான் இன்னிக்கும் இருக்கற விளக்கம்.

வார்த்தைய மாத்தணும்னு அமெரிக்காக்குள்ளயே நெறைய பேர் போராடியிருக்காங்க. கலிஃபோர்னியா 2015ல தொழிலாளர் சட்டத்துலேருந்து அத தூக்கிட்டாங்க. 2020ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் கேவனா, பழமைவாதினு பேர் வாங்கினவர் தான், ஒரு தீர்ப்போட அடிக்குறிப்புல ‘ஏலியன்’ங்கற இடத்துல நான் ‘நான்சிட்டிசன்’னு எழுதறேன்னு சொல்லியே எழுதினார். 2021ல பைடன் அரசு இமிக்ரேஷன் அதிகாரிங்கள நான்சிட்டிசன்னு சொல்லச் சொன்னாங்க, 2025ல ட்ரம்ப் அரசு திரும்ப ஏலியனுக்கே போயிட்டாங்க. உங்க கணவரோட ஃபார்ம் மாறினதும் அந்தக் காத்துல தான். நான் என் சொந்த லெட்டர்ல நான்சிட்டிசன்னு தான் எழுதுவேன், ஃபார்ம்ல ஏலியன்னு இருந்தா ஏலியன்ல தான் டிக் பண்ணச் சொல்வேன். இதுல முரண்பாடு எதுவும் இல்ல.

சரி, ஃபாரினர்

இது கெட்ட வார்த்தையா? இல்ல. டிக்ஷனரில திட்டுனு போட மாட்டாங்க, கோர்ட்லயும் இத மட்டும் வெச்சு யாரும் ஜெயிக்க முடியாது. ஆனா எதிர்ல நிக்கற ஆளப் பாத்து சொல்ற வார்த்தையும் இல்ல. நம்ம ஊர்ல ஃபாரினர்னு சொல்றதுல ஒரு விருந்தாளி மரியாதை ஒட்டிக்கிட்டு இருக்கு, “ஃபாரின்லேருந்து வந்திருக்காங்க”னா பெருமை. இங்கிலீஷ் காதுல அந்த மரியாதை கேக்கறதில்ல, ‘இவன் நம்ம ஆளு இல்ல’ங்கறது மட்டும் தான் கேக்குது. வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாரப் பத்தி அவங்க காதுபட “வேத்தாளுங்க வந்திருக்காங்க”னு சொன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. சொன்னது பொய் இல்ல, ஆனா வந்தவங்க முகம் சுருங்கிடும்.

‘ஃபாரின்’ங்கறது பொருளோட, விஷயத்தோட ஒட்டினா பிரச்சினையே இல்ல. ஃபாரின் பாலிசி, ஃபாரின் லாங்குவேஜ், ஃபாரின் கரன்சி, யாரும் கண்டுக்க மாட்டாங்க. ‘ஃபாரின் நேஷனல்’னு சட்ட டாக்குமென்ட்ல வந்தாலும் சரி தான். ஆனா ஒரு முழு மனுஷனுக்கு அது ஒண்ணே பேரா ஆகும்போது தான் குத்துது. இது இப்போ புதுசா முளைச்ச கூச்சம்னு நெனச்சுக்காதீங்க, 1990லயே சிஎன்என் ஓனர் டெட் டர்னர் தன்னோட சேனல்ல ‘ஃபாரின்’னு சொல்லக் கூடாது, ‘இன்டர்நேஷனல்’னு சொல்லுங்கனு ஆர்டர் போட்டார். யூனிவர்சிட்டிங்கள்ல பழைய ஃபாரின் ஸ்டூடன்ட் ஆஃபீஸ் எல்லாம் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆஃபீஸா மாறினதும் இதே காரணத்துக்கு தான்.

நீங்களே ஃபாரினர் தானே, நீங்க சொன்னா எப்படி தப்புனு கேக்கறீங்க. உங்களப் பத்தி நீங்க சொல்லிக்கறதுக்கு முழு உரிமை இருக்கு. ஆனா அந்த மெயில்ல நீங்க ஃபாரினரா எழுதல, டீம் லீடா, வீட்டுக்காரங்க இடத்துலேருந்து எழுதினீங்க, வந்தவங்க அதப் படிச்சாங்க. அந்த பிரேசில்காரருக்கு உங்க விசா என்னனு தெரியாது. இன்னொண்ணும் பாருங்க, அந்த மெயில்ல அந்த வார்த்தையே தேவைப்படல. “நாளைக்கு கஸ்டமர் டீம் வர்றாங்க”னு போட்டிருந்தா விஷயம் முடிஞ்சுது. ‘இன்டர்நேஷனல்’ங்கறது கூட எனக்கு ரெண்டாம்பட்சம் தான், ஹெச்.ஆர் சொன்னத விட நல்ல வழி பேரு, கம்பெனி, நாடுனு சொல்றது. நாடு சம்பந்தமே இல்லாத இடத்துல அதையும் விட்டுடலாம்.

ஹெச்.ஆருக்கு ரெண்டு வரில ஒரு பதில் போடுங்க. “சொன்னதுக்கு தேங்க்ஸ், யாரையும் ஒதுக்கணும்னு எழுதல, இனிமே வர்றவங்க பேரும் டீமும் போட்டு எழுதறேன்.” அதுல சீனியர் கதைய இழுக்காதீங்க, அது தனி மெயில், ரெண்டையும் சேத்தா நீங்க தப்பிக்கப் பாக்கறீங்கனு ஆயிடும். க்ரீன் கார்டு பயம் வேண்டாம், வாயால குடுத்த ஒரு அட்வைஸ இமிக்ரேஷன் டிபார்ட்மென்ட் பாக்கறதும் இல்ல, கேக்கறதும் இல்ல. ஆனா மொன்டானா தவிர மத்த எல்லா ஸ்டேட்லயும் பொதுவா காரணமே சொல்லாம வேலையவிட்டு எடுக்கலாம், ஹெச்-1பில வேலை போனா அதிகபட்சம் 60 நாள் தான் டைம், அதனால கோவமா நீளமா பதில் எழுதற வேலை மட்டும் வேண்டாம்.

‘இல்லீகல்ஸ்’னு நீங்க எழுதினது

இதையும் சொல்லாம விட்டா நான் உங்களுக்கு நேர்மையா இருந்த மாதிரி ஆகாது. நாங்க இல்லீகல்ஸ் மாதிரி வரலங்கறது நம்ம ஆளுங்க வரிசைல காத்திருந்து வெந்து போய் சொல்றது, க்ரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 பர்சென்ட்னு உச்சவரம்பு வெச்சதால இந்தியர்களோட வரிசை எவ்வளவு நீளம்னு எனக்கும் தெரியும். ஆனா ஆளையே இல்லீகல்னு சொல்றத அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013லயே விட்டுட்டாங்க, செயல் தான் சட்டவிரோதமா இருக்க முடியும், ஆள் இல்லனு. சட்டமும் நீங்க நெனக்கற மாதிரி இல்ல. திருட்டுத்தனமா எல்லை தாண்டினா அது குற்றம், ஆனா விசால வந்து காலம் முடிஞ்சும் தங்கிட்டா அது மட்டுமே கிரிமினல் குற்றம் இல்ல, சிவில் மீறல். நாளைக்கு உங்க கம்பெனி எக்ஸ்டென்ஷன் பேப்பர தப்பா ஃபைல் பண்ணி அது ரிஜெக்ட் ஆச்சுனா, உங்க மேல ஒரு தப்பும் இல்லாமலே நீங்க ஸ்டேட்டஸ் இல்லாம நிக்கலாம். அன்னிக்கு பக்கத்து சீட்ல இருக்கறவர் உங்கள என்னனு சொல்லணும்னு நெனக்கறீங்களோ அதையே இன்னிக்கு நீங்க மத்தவங்களுக்கு சொல்லுங்க. நியூயார்க் சிட்டில 2019லேருந்து ஒருத்தர இழிவுபடுத்தற நோக்கத்தோட ‘இல்லீகல் ஏலியன்’னு வேலை இடத்துலயோ வாடகை வீட்டுலயோ சொன்னா 2,50,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்னு சிட்டியோட மனித உரிமை கமிஷனே அறிவிச்சிருக்கு. நோக்கம்ங்கறத கவனிங்க, வார்த்தைய மட்டும் இல்ல.

பையன் விஷயம் சுருக்கமா. ‘ஃபாப்’னா இப்ப தான் கப்பல்லேருந்து இறங்கினவன். அங்கயே வளந்த நம்ம பசங்க புதுசா வந்த நம்ம பசங்கள சொல்றது தான் இதுல ரொம்ப கொடுமை, உச்சரிப்பையும் டிரெஸ்ஸையும் வெச்சு பண்றது. திட்டாதீங்க. நீங்க வந்த மொத வருஷம் ஃபோன்ல பேசவே பயந்தத லெட்டர்ல எழுதியிருக்கீங்களே, அத அவன்கிட்ட சொல்லுங்க. அந்தப் பையன் வீட்டுக்கு இவன கூட்டிட்டுப் போங்க.

அந்த சீனியர்

1964 சிவில் ரைட்ஸ் சட்டத்தோட ஏழாவது பகுதி, 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த கம்பெனிலயும் பூர்வீகத்த வெச்சு பாரபட்சம் காட்டக் கூடாதுங்குது. ஹெச்-1பில இருக்கறவங்களுக்கும் இது பொருந்தும், விசால இருக்கோம் நமக்கெல்லாம் உரிமை இல்லனு நீங்க நெனச்சது தப்பு. ஆனா 1998ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு, இந்த சட்டம் பொதுவா நாகரிகமா பேசுங்கனு சொல்லிக் குடுக்கற சட்டம் இல்லனு. ஒண்ணு ரொம்ப மோசமா இருக்கணும், இல்ல வேலையே பாக்க முடியாத அளவுக்கு திரும்பத் திரும்ப நடக்கணும்.

நீங்க எழுதின ரெண்டு உதாரணத்தையும் தனித்தனியா பாக்கறேன். “நீங்க ஃபாரினர்ஸ் எல்லாம் லீவே எடுக்க மாட்டீங்க போல”, இது எரிச்சல், வழக்கு இல்ல. அடுத்த தடவை நேராவே சொல்லுங்க, “என் பேரு சொல்லியே கேளுங்க, நான் லீவ் எடுக்கறேனா இல்லயானு சொல்றேன்”னு. முகத்துல சிரிப்பு தேவையில்ல, கோவமும் தேவையில்ல. ரெண்டாவது, “ஃபாரினர்ஸ் கிட்ட கஸ்டமர் கால குடுத்தா யாருக்கு புரியும்”. இது வேற ரகம்மா. இதுல ஃபாரினர்ங்கற வார்த்தைய எடுத்துட்டாலும் விஷம் அப்படியே இருக்கு. உங்க உச்சரிப்ப காரணம் காட்டி வேலைய உங்ககிட்டேருந்து எடுக்கப் பாக்கறாரு. உச்சரிப்பு உண்மையிலயே வேலைக்கு பெரிய இடைஞ்சலா இருந்தா தான் அத வெச்சு முடிவெடுக்கலாம்ங்கறது வேலை இடத்து பாரபட்சத்த விசாரிக்கற அரசு அமைப்பான ஈஈஓசியோட நிலைப்பாடு. நீங்க ஒன்பது வருஷமா கால் எடுத்துட்டு இருக்கீங்க. இதுக்கப்பறம் உங்களுக்கு வர வேண்டிய கால் வேற யாருக்காவது போச்சானு பாருங்க. போயிருந்தா அது தான் உங்க கேஸோட உயிர்.

கம்ப்ளைன்ட் குடுக்கலாமானா, குடுக்கலாம், எழுத்துல குடுங்க. தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல யார் இருந்தாங்க, எந்த கால் கைமாறுச்சு. “ஃபாரினர்னு சொன்னார்”னு மட்டும் எழுதினா உங்க மெயிலையே எடுத்து நீட்டுவாங்க, அதனால வார்த்தைய விட வேலைல என்ன நடந்துச்சுங்கறத முன்னாடி வைங்க. பூர்வீகத்த வெச்சு பாரபட்சம் நடக்குதுனு நல்லெண்ணத்தோட புகார் குடுத்தவங்கள பழிவாங்கறதும் அதே சட்டத்துல தனி குற்றச்சாட்டு, அதுக்காகவே வாயால சொல்லாம மெயில்ல போடச் சொல்றேன். அதோட காப்பி ஆஃபீஸ் லேப்டாப்புக்கு வெளிய உங்ககிட்ட இருக்கட்டும், ஆனா கஸ்டமர் டாக்குமென்ட் எதையும் வீட்டு மெயிலுக்கு அனுப்பிடாதீங்க.

கம்பெனி ஒண்ணும் பண்ணலனா அடுத்தது ஈஈஓசி. சம்பவம் நடந்த நாள்லேருந்து 180 நாளுக்குள்ள போகணும், உங்க ஸ்டேட்லயோ சிட்டிலயோ இதே மாதிரி சட்டமும் அத பாத்துக்கற ஏஜென்சியும் இருந்தா 300 நாள். கம்பெனிக்குள்ள விசாரணை நடக்குதுங்கறதால இந்த நாள் கணக்கு நிக்காது, நெறைய பேர் இதுல தான் கோட்ட விடறாங்க. அந்த ரெண்டாவது பேச்சு என்னிக்கு நடந்துச்சுனு லெட்டர்ல நீங்க எழுதல, இன்னிக்கே காலண்டர பாத்து குறிச்சு வைங்க, உங்களுக்கு 180ஆ 300ஆனு ஒரு உள்ளூர் எம்ப்ளாய்மென்ட் லாயர் கிட்ட ஃபோன்லயே கேட்டு உறுதி பண்ணிக்கலாம்.